அம்மா சாப்பிட்டாளா?
குறும்படத்துக்கு ஒரு போஸ்டர்

இன்று எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் 'விஸ்காம்' படிக்கிறார்கள். "அது என்ன படிப்பு?" என்று கேட்கும் உறவுக்காரர்களுக்குப் பதில் சொல்லி மாளாது! போட்டோ பிடிப்பது, விளம்பரம் தயாரிப்பது, கதை எழுதுவது, படம் எடுப்பது எல்லாம் கலந்த படிப்பு அது. கடைசி வருஷம் வந்துவிட்டால் பல கல்லூரிகளில் ஒரு குறும்படம் எடுத்தே தீர வேண்டும். அப்புறம் கேட்பானேன்? வீட்டுக் கூடம் ஸ்டூடியோவாகிவிடும். உங்கள் புடவை திரைச்சீலையாகும். நீங்கள் ஆசையாகத் துலக்கி வைத்திருக்கும் பித்தளைக் குத்துவிளக்கு நடிக்கப் போய்விடும்!

ஒருவழியாகப் படம் முடிந்தது என்று மூச்சு விட்டால், அடுத்த கவலை வந்து நிற்கும்: போஸ்டர்.

"அம்மா, போஸ்டருக்கு ஏதாவது ஐடியா சொல்லேன்!"

"எனக்கென்னடி தெரியும்? நான் என்ன ஆர்ட்டிஸ்ட்டா?"

இப்படிச் சொல்லி நழுவாதீர்கள், சகோதரிகளே! போஸ்டர் வேலையில் படம் வரைவது பாதிதான். மீதிப் பாதி, யாரைக் கூப்பிடுகிறோம், எப்படிக் கூப்பிட்டால் வருவார்கள் என்று தெரிந்துகொள்வது. அந்த வித்தை நமக்குக் கைவந்தது.

வாசல் கோலத்தைப் பாருங்கள். மார்கழியா, பொங்கலா, கல்யாணமா என்று தெருவில் போகிறவருக்குச் சொல்லிவிடுகிறது. கோலமில்லாத வாசலும் ஒரு சேதி சொல்கிறது. உள்ளே என்ன என்பதை வெளியில் நிற்பவருக்கு ஒரே பார்வையில் சொல்ல வேண்டும். போஸ்டருக்கும் அதே வேலைதான்.

ஒரு படத்தைக் கற்பனை செய்வோம்

வெறுமனே பேசுவதைவிட ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி பன்னிரண்டு நிமிடக் குறும்படம் எடுத்திருக்கிறாள். பெயர் 'கடைசிப் பந்தி'. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடும் ஒரு தாய், அவளுக்கு ரத்தசோகை, அதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை, அவள் உட்பட. இதுதான் கதை.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில், 2015-16-ல், இது 53 சதவிகிதமாக இருந்தது. குறைய வேண்டியது கூடியிருக்கிறது! ஆகவே இந்தப் படத்தை யார் பார்க்க வேண்டும்? கல்லூரித் தோழிகள் எப்படியும் வந்துவிடுவார்கள். வர வேண்டியவர்கள் நம்மைப் போன்ற தாய்மார்கள். அவர்களை வரவழைப்பது இந்தப் போஸ்டரின் பொறுப்பு.

வரைவதற்கு முன்னால் விசாரியுங்கள்

பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் நாலு இடத்தில் விசாரிக்கிறோம் அல்லவா? போஸ்டருக்கும் விசாரணை வேண்டும். இதைத்தான் கல்லூரியில் 'ஆடியன்ஸ் ரிசர்ச்' என்று பெரிய பெயர் வைத்துச் சொல்லித் தருகிறார்கள்.

1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா' என்ற ஊமைப்படத்தை எடுத்தவர் தாதாசாஹேப் பால்கே. அந்தப் படப்பிடிப்பில் அவர் மனைவி சரஸ்வதிபாய் அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டதோடு, பிலிம் சுருளில் துளையிடுவது, கழுவுவது போன்ற வேலைகளையும் செய்தார். படம் சூரத் நகரத்துக்குப் போனபோது கூட்டம் சேரவில்லையாம். காரணம் என்ன? அந்த ஊர்க்காரர்களுக்கு இரண்டணா கொடுத்தால் ஆறு மணி நேரம் நாடகம் பார்க்கக் கிடைத்தது. மூன்றணா கொடுத்து ஒன்றரை மணி நேரப் படத்தை ஏன் பார்க்க வேண்டும்? பால்கே இதைப் புரிந்துகொண்டு, '57,000 போட்டோக்கள், இரண்டு மைல் நீளப் படம், எல்லாம் மூன்றணாவுக்கே' என்ற பொருளில் விளம்பரம் செய்தார். கூட்டம் வந்தது!

உண்மையில் படத்தின் நீளம் சுமார் 3,700 அடிதான். ஒரு மைல்கூடக் கிடையாது! அந்தப் புளுகை நம் பிள்ளைகள் பின்பற்ற வேண்டாம். ஆனால் வருகிறவர்களின் மனசில் என்ன கணக்கு ஓடுகிறது என்று முதலில் தெரிந்துகொண்டாரே, அதைக் கற்றுக்கொள்ளலாம்.

நம் மாணவியும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் கிளம்பட்டும். எதிர்வீட்டு மாமி, பூக்கார அக்கா, பால்வாடி ஆயா, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் தாய்மார் என்று பத்துப் பேரிடம் பேசட்டும். "உங்களுக்கு ரத்தசோகை இருக்கிறதா?" என்று ஆரம்பித்தால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பேச்சு இப்படிப் போக வேண்டும்:

"அக்கா, நீங்க எப்ப சாப்பிடுவீங்க?"

"ஏவாரம் முடிஞ்சு, புள்ளைங்களுக்குப் போட்டுட்டு, மிஞ்சினா சாப்பிடுவேன் பாப்பா."

"தினமும் மிஞ்சுமா அக்கா?"

"அதையெல்லாம் யாரு பாக்குறா!"

இந்தக் கடைசிப் பதிலில் ஒரு போஸ்டரே இருக்கிறது, பாருங்கள்! இன்னொன்றும் புரிந்துவிடும். நம் பெண்கள் 'ரத்தசோகை' என்று சொல்வது குறைவு. "அசதியா இருக்கு", "மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது", "எழுந்தா தலை சுத்துது" என்றுதான் சொல்வார்கள். போஸ்டர் அவர்கள் பாஷையில் பேசினால்தான் அவர்கள் நின்று பார்ப்பார்கள்.

எந்த நேரத்தில் படத்தைக் காட்டலாம் என்பதும் இந்த விசாரணையிலேயே தெரிந்துவிடும். மாலை ஆறு மணி என்று போட்டால் அடுப்பை விட்டு யார் வருவார்கள்? மத்தியானச் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூடம் விடுவதற்கும் இடையில் ஒரு மணி நேரம் என்றால் வரலாம்.

மூன்று படங்கள், ஒரு கேள்வி

இனி பென்சிலை எடுக்கலாம். கம்ப்யூட்டரில் உட்காருவதற்கு முன்னால் தீப்பெட்டி அளவில் பத்துப் பன்னிரண்டு குட்டிப் படங்களைக் கிறுக்கிப் பார்ப்பது நல்லது. கிறுக்கல் என்பதால் தூக்கிப் போட மனசு வலிக்காது. அவற்றில் மூன்று தேறின என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படம்: ஒரு பெரிய ரத்தத் துளி, பக்கத்தில் ஊசி. பார்த்தவுடன் என்ன நினைப்போம்? ரத்த தான முகாம்! ஊசிக்குப் பயந்தவர்கள் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள்.

இரண்டாவது படம்: ஒரு தாயின் முகம். தலையைச் சுற்றி ஒளிவட்டம். கண்ணில் நீர். கையில் வெறும் தட்டு. 'தியாகத்தின் மறுபெயர் தாய்' என்ற வாசகம். மாணவிகள் பலருக்கும் இதுதான் பிடிக்கும். பார்க்க உருக்கமாக இருக்கும். ஆனால் வீட்டில் காட்டினால் ஒரு சமர்த்தான அம்மா இப்படிக் கேட்டுவிடுவாள்:

"இது என்னடி, என்னைக் கும்பிடச் சொல்றியா, சாப்பிடச் சொல்றியா?"

சகோதரிகளே, இந்தக் கேள்விதான் முக்கியம். அம்மா பட்டினி கிடப்பதைத் தெய்வீகமாக வரைந்து மாட்டினால், எந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்று படம் சொல்கிறதோ அதற்கே போஸ்டர் மாலை போட்டுவிடுகிறது. பார்க்கும் பெண், 'நல்ல தாய் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டு போய்விடுவாள். அழகான போஸ்டர் செய்யக்கூடிய கெடுதல் இது. படம் பன்னிரண்டு நிமிடம். அதைப் பார்க்கிறவர்கள் நூறு பேர் இருக்கலாம். போஸ்டரை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு! அவர்களுக்குப் போஸ்டர்தான் படம்.

மூன்றாவது படம்: மேலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு சோற்றுப் பானை. அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிடி சோறு. அதைச் சுரண்டுகிற கரண்டி. கரண்டியைப் பிடித்த, கண்ணாடி வளையல் போட்ட கை. முகமே கிடையாது. மேலே ஒரே ஒரு கேள்வி: 'அம்மா சாப்பிட்டாளா?'

இதில் யாரையும் குற்றம் சொல்லவில்லை, யாரையும் கும்பிடவும் இல்லை. ஆனால் பார்த்த பிள்ளைக்கும் கணவருக்கும் சுருக்கென்று தைக்கும். அம்மாவுக்கோ, 'அட, இது என் பானை அல்லவா!' என்று தோன்றும்.

முகமில்லாமல் போஸ்டரா என்று கேட்கலாம். 1955-ல் அமெரிக்காவில் 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்' என்ற படம் வந்தது. போதைப் பழக்கத்தில் சிக்கியவனின் கதை. அதற்குப் போஸ்டர் வரைந்த சால் பாஸ், கோணல்மாணலாக வளைந்த ஒரு கறுப்புக் கையையே சின்னமாக வைத்தார். இன்றும் டிசைன் படிக்கிறவர்களுக்கு அதைக் காட்டித்தான் பாடம் நடத்துகிறார்கள். நம் நாட்டு சத்யஜித் ராய், படம் எடுக்க வருவதற்கு முன்னால் கல்கத்தாவில் விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்தவர். தம் படங்களுக்குத் தாமே போஸ்டர் வரைந்தார். அவர் 1955-ல் வெளியிட்ட முதல் படமான 'பதேர் பாஞ்சாலி'க்காக மனைவி விஜயாவின் நகைகள் அடகுக்குப் போயின என்பதையும் நாம் மறக்கக் கூடாது!

யாருடைய முகம், யாருடைய போட்டோ?

ஒருவேளை உண்மையான ஒரு பெண்ணின் முகத்தைப் போடுவதென்றால், அவளிடம் போஸ்டரைக் காட்டிச் சம்மதம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். "போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டது வேறு, சுவரிலும் போனிலும் ஊர் முழுக்கப் பரவுவது வேறு. நோயோடு சேர்த்து ஒருத்தியின் முகத்தை ஒட்டிவிட்டால் பிறகு துடைத்து எடுக்க முடியாது. குழந்தையின் முகமானால் பெற்றோரின் சம்மதம் கட்டாயம்.

இன்டர்நெட்டில் அகப்பட்ட படத்தை எடுத்துப் போடுவதும் தவறு. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி போட்டோவுக்கும் ஓவியத்துக்கும் சொந்தக்காரர் உண்டு. நம் வீட்டுப் பானை, நம் வீட்டுக் கை, ஜன்னல் வெளிச்சம். போட்டோவுக்கு இவை போதாதா?

புள்ளிவிவரம் போடுகிறீர்களா? ஜாக்கிரதை!

உடம்பு சம்பந்தமான படம் என்றால் போஸ்டரில் ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்துப் போட வேண்டும். 57 சதவிகிதம் என்று போட்டால் எந்தக் கணக்கெடுப்பு, எந்த வருஷம் என்பதையும் சின்ன எழுத்தில் சேர்க்க வேண்டும். 'இதைச் சாப்பிட்டால் பத்து நாளில் ரத்தம் ஊறும்' என்றெல்லாம் வாக்குக் கொடுக்கவே கூடாது. கடைசியில் சாப்பிடுவதால் மட்டும் ரத்தசோகை வருவதில்லை. மாதவிலக்கின்போது அதிக உதிரப்போக்கு, குடற்புழு, அடுத்தடுத்த பிரசவம் என்று காரணங்கள் பல. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைச் சொல்ல வேண்டியது ரத்தப் பரிசோதனைதான்.

ஆகவே போஸ்டரின் அடியில் ஒரு வரி சேர்க்கலாம்: 'ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.' கல்லூரி மூலம் சுகாதார நிலையத்தாரைக் கேட்டு, படம் காட்டும் நாளிலேயே பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய முடிந்தால், அந்தப் போஸ்டருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பரிசு அதுதான்.

எழுத்துப் பிழை பார்க்க அம்மா வேண்டும்

தமிழ் எழுத்தைக் கம்ப்யூட்டரில் போடும்போது ஒரு தொல்லை உண்டு. சில டிசைன் மென்பொருள்களில் சரியான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி, 'போ' என்பது பார்க்கவே சகிக்காமல் வரும். ஆங்கிலத்திலேயே யோசித்துப் பழகிய பிள்ளைகளின் கண்ணில் இது படாமலே போய்விடலாம். உங்கள் கண்ணுக்குத் தப்பாது! 'கடைசிப் பந்தி' என்பதில் ஒற்று இருக்கிறதா, ல-ள-ழ சரியா, தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று பார்க்கும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருதரம் கடைசி வார்த்தையிலிருந்து முதல் வார்த்தைக்குப் பின்னோக்கிப் படியுங்கள். பிழை தானாகக் கண்ணில் படும்.

எழுத்து வகை இரண்டுக்கு மேல் வேண்டாம். தலைப்பைக் கையால் எழுதினால் இன்னும் அழகு. நிறமும் இரண்டு மூன்று போதும். மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து, சிவப்பில் நீலம் என்றெல்லாம் போட்டால் கண் கூசும், படிக்கவும் முடியாது.

சமையலறைச் சுவரில் ஒரு பரீட்சை

தயாரான போஸ்டரைச் சாதாரணத் தாளில் அச்சடித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். பிறகு இந்த நான்கு பரீட்சைகளையும் வையுங்கள்:

* பத்தடி தள்ளி நின்று தலைப்பைப் படிக்க முடிகிறதா?
* மூன்று எண்ணுவதற்குள் 'இது என்ன விஷயம்' என்று புரிகிறதா? படத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள்.
* கண்ணாடியைக் கழற்றிவிட்ட பாட்டிக்கு நாள், நேரம், இடம் தெரிகிறதா?
* போனில் தபால்தலை அளவுக்குச் சிறிதாக்கினாலும் பானையும் கேள்வியும் நிற்கின்றனவா?

கடைசிப் பரீட்சை நிரம்ப முக்கியம். சுவரில் பார்ப்பவரைவிட வாட்ஸ்அப்பில் பார்ப்பவர்களே இந்தக் காலத்தில் அதிகம்! டிரெய்லருக்கு கியூ.ஆர். கோடு போடுவதும் நல்லதுதான். ஆனால் அதை நம்பி நாளையும் இடத்தையும் விட்டுவிடக் கூடாது.

அச்சகத்துக்குப் போகும்போது

கல்லூரி அறிவிப்புப் பலகைக்கு 'ஏ-3' அளவு தாராளம். அது 297 மில்லிமீட்டர் அகலம், 420 மில்லிமீட்டர் உயரம். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், படம் 3,508-க்கு 4,961 புள்ளி இருந்தால் அச்சு பளிச்சென்று வரும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். 'டாகுமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஓரங்களில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டால், வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாது. தையலில் மடிப்புக்குத் துணி விடுகிறோமே, அந்த மாதிரி!

இன்னொரு விஷயம். திரையில் ஜொலிக்கும் சிவப்பு, தாளில் சற்று மங்கித்தான் வரும். திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. அச்சகம் நான்கு மைகளைக் கலந்து காட்டுகிறது. புடவைக் கடை விளக்கில் பார்த்த நிறம் வீட்டுக்கு வந்தால் மாறுவதில்லையா? முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்துப் பார்த்துவிட்டு மற்றதை அச்சடிப்பது சிக்கனம்.

ஒட்டுவதற்குப் பசை

இரண்டு மேஜைக்கரண்டி மைதாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். ஒன்றரை டம்ளர் தண்ணீர் கொதிக்கும்போது அதை ஊற்றி, கூழ் பதம் வரும்வரை கிளறி இறக்குங்கள். ஆறியதும் உபயோகிக்கலாம். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க இதில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்! துத்தம் சேர்க்காத பசை சீக்கிரம் புளித்துவிடும். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே காய்ச்சிக்கொள்ளுங்கள்.

கண்ட சுவரில் ஒட்டக் கூடாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. ரேஷன் கடை, பால்வாடி, மருந்துக் கடை, கோயில் அலுவலகம் என்று பெண்கள் வந்துபோகும் இடங்களில் கேட்டு, அனுமதி வாங்கி ஒட்டினால், இருபது போஸ்டர் இருநூறு போஸ்டரின் வேலையைச் செய்யும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்

போஸ்டர் வேலை இரவு பன்னிரண்டு மணி வரை நடக்கும். பெண்ணுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, பசை காய்ச்சி, பிழை திருத்தி நீங்களும் விழித்திருப்பீர்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் காப்பி, டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும்; ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். முருங்கைக்கீரை, பயறு வகைகளோடு நெல்லிக்காய், எலுமிச்சை சேர்த்துக்கொண்டால் அந்தச் சத்து நன்றாகச் சேரும்.

'அம்மா சாப்பிட்டாளா?' என்று ஊருக்கெல்லாம் எழுதி ஒட்டப்போகும் வீட்டில், அந்தக் கேள்விக்கு "சாப்பிட்டாச்சு!" என்று நிஜமான பதில் இருக்க வேண்டாமா? போஸ்டர் உலர்வதற்குள் எல்லோருமாக ஒரே பந்தியில் உட்காருங்கள். பரிமாறுகிற முறை இன்றைக்குப் பிள்ளைகளுடையதாக இருக்கட்டும்!